கட்டைவிரல் நகம் சதைக்குள் இறங்கினால்: மூலையைத் தோண்டாமல் வலி தீர்க்கும் வழி

ஷூவுக்குள் காலை நுழைத்ததும் கட்டைவிரல் ஓரத்தில் சுருக்கென்று ஒரு குத்து. பேருந்து நெரிசலில் யாராவது லேசாக மிதித்துவிட்டால் உயிர் போய்த் திரும்பும். இரவில் போர்வை உரசினால்கூடப் பொறுக்காது. விரலைப் பார்த்தால் நகத்தின் ஒரு பக்கத்துச் சதை சிவந்து, பளபளவென்று உப்பி, தொட்டால் சூடாக இருக்கும். இதுதான் உள்வளர் நகம். நகத்தின் ஓரம் பக்கத்துச் சதைக்குள் இறங்கி அழுத்திக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் கால் கட்டைவிரலில்தான் வரும். பதின்பருவத்துப் பிள்ளைகளையும் இருபதுகளில் இருப்பவர்களையும் அதிகம் படுத்தும்.

இந்த வலி வந்தவுடன் எல்லோருடைய கையும் நகவெட்டியைத்தான் தேடும். குத்துகிற மூலையை நறுக்கி எறிந்துவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். நறுக்கினால் அன்றைக்கு நிம்மதியாகவும் இருக்கும். அதனால்தான் இந்தப் பழக்கம் யாரையும் விடுவதில்லை. சில வாரங்கள் கழித்து அதே வலி முன்பைவிட ஆழத்தில் வந்து நிற்கும். கீழே சொல்லப்போவதில் பாதி, அந்த மூலையில் கை வைக்காமல் எப்படிச் சமாளிப்பது என்பதுதான்.

வீட்டு வைத்தியம் யாருக்கு வேண்டாம்

சர்க்கரை நோய் இருந்தால் இந்தக் கட்டுரையின் வீட்டு வைத்தியப் பகுதி உங்களுக்கானது அல்ல. நேராக மருத்துவரிடம் போங்கள். காலில் உணர்வு மந்தமாக இருப்பவர்கள், காலுக்கு ரத்த ஓட்டம் குறைவு என்று ஏற்கெனவே சொல்லப்பட்டவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் எல்லோருக்கும் இதே பேச்சுதான். "வலிக்கவே இல்லையே, அப்புறம் எதற்கு டாக்டர்?" என்று சர்க்கரை உள்ள பெரியவர்கள் கேட்பதுண்டு. நகம் சதையைக் குத்தியும் வலிக்கவில்லை என்றால் நரம்பு உணர்விழந்திருக்கிறது. அதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். வெந்நீரில் காலை வைத்து, சூடு தெரியாமல் கொப்புளம் போட்டுக்கொள்வதும் இவர்களுக்குத்தான் அதிகம் நடக்கும்.

மற்றவர்களும் விரலைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். சிவப்பு விரலைத் தாண்டிப் பாதத்துக்குப் பரவுகிறதா, காலில் மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஓடுகிறதா, காய்ச்சல் அடிக்கிறதா, தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா, இரவெல்லாம் விண்விண்ணென்று தெறிக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். இதெல்லாம் இல்லாமல் ஓரம் மட்டும் சிவந்து, அழுத்தினால் வலிக்கிறது என்ற அளவில் இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம்.

வலி நகத்தின் ஓரத்தில்தானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். கட்டைவிரல் பாதத்தோடு சேரும் மூட்டில் திடீரென்று வீங்கி வலித்தால் அது நகம் அல்ல, யூரிக் அமிலத்தால் வரும் கவுட்டாக இருக்கலாம். நகம் மஞ்சளடித்து, தடித்து, பொடிப்பொடியாக உதிர்ந்தால் பூஞ்சைத் தொற்றைச் சந்தேகிக்கலாம். நகத்தடியில் புதிதாக ஒரு கருங்கோடு தோன்றி அகலமாகிக்கொண்டே போனால் வலி இல்லாவிட்டாலும் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

மூலையில் என்ன நடக்கிறது

நகம் உருவாவது பின்பக்கம், தோலுக்கு அடியில் இருக்கும் நகவேரில். அங்கிருந்துதான் முன்னோக்கித் தள்ளப்பட்டு வருகிறது. கால் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர் நகரும். கை நகம் அதைப்போல் இரண்டு மடங்கு வேகம். கால் கட்டைவிரல் நகம் முழுக்க விழுந்தால் திரும்ப வளர்ந்து முடிய 12 முதல் 18 மாதம் பிடிக்கும்.

மூலையை வளைத்து வெட்டும்போது, நகவெட்டியின் வாய் எட்டாத உள்பக்கத்தில் ஒரு சின்னத் துணுக்கு மிச்சம் நின்றுவிடும். சதை மூடியிருப்பதால் வெளியே தெரியாது. நகம் முன்னோக்கித் தள்ளப்படத் தள்ளப்பட, அந்தத் துணுக்கு தூண்டில் முள்ளைப்போலச் சதையில் ஏறும். இன்னொரு பக்கம், மூலை இருந்த இடம் காலியானதும் விரல் நுனிச் சதை மேலே பிதுங்கி அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். நடக்கிற ஒவ்வொரு அடியிலும் தரை அந்தச் சதையை மேலே தள்ளுகிறது அல்லவா? ஆக நகம் வளர்ந்து வரும்போது அதற்குப் போக வழி இல்லை. உடம்பு அந்தத் துணுக்கை முள்ளாகவே நினைத்து எதிர்க்கும். வீங்கும், நீர் கசியும், கிருமி சேர்ந்தால் சீழ் வைக்கும். அப்படியே விட்டால் ஓரத்தில் சிவப்பாக, ஈரமாக, துணி பட்டாலே ரத்தம் கசிகிற மிகைச்சதை முளைக்கும்.

வெட்டுவது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. முன்பக்கம் கூம்பிய ஷூ, காலில் அதிக வியர்வை, பந்தாட்டத்தில் விரல் இடிபடுவது எல்லாம் சேரும். சிலருக்குப் பிறவியிலேயே நகம் இரு பக்கமும் வளைந்திருக்கும். அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் இருப்பதைப் பார்க்கலாம். முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் நக ஓரத்தில் இந்தத் தொல்லை வரலாம். அப்படியானால் மாத்திரை எழுதித் தந்த மருத்துவரிடமே முதலில் சொல்லுங்கள்.

நகத்தின் நடுவில் 'வி' வடிவத்தில் வெட்டினால் ஓரங்கள் நடுப்பக்கம் இழுபடும் என்று ஒரு யோசனை நெடுநாளாகச் சுற்றுகிறது. நீங்கள் வெட்டுவது உயிரற்ற நுனியை. நுனியில் எந்த வடிவம் வெட்டினாலும் பின்னால் இருக்கும் வேருக்குத் தெரியப்போவதில்லை. நகம்தான் அசிங்கமாகும்.

இன்று இரவே தொடங்கலாம்

ஒரு பிளாஸ்டிக் டப்பில் பாதம் முங்கும் அளவு வெதுவெதுப்பான நீர் எடுங்கள். முழங்கையை வைத்துப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும். சுட்டால் சூடு அதிகம். லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு போடலாம். கல்லுப்பா, மெடிக்கல் ஷாப்பில் விற்கும் எப்சம் உப்பா என்று அலைய வேண்டாம். இங்கே வேலை செய்வது முக்கியமாக வெந்நீர்தான். நகமும் சதையும் இளகும், வீக்கம் குறையும். காலை 15 நிமிடம் ஊறவிடுங்கள். நாளைக்கு மூன்று முறை செய்தால் நல்லது. வேலைக்குப் போகிறவர்கள் காலையும் இரவும் விடாமல் செய்தால் போதும்.

ஊறிக்கொண்டிருக்கும்போதே, காது குடையும் பஞ்சுக் குச்சியால் வீங்கிய சதையை நகத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவாகத் தள்ளிவிடுங்கள். நகத்தை நெம்ப வேண்டாம், சதையை விலக்கினால் போதும். முதல் நாள் கொஞ்சம் கடுக்கும். நாலைந்து நாளில் சதை சொன்னபடி கேட்கும்.

எடுத்ததும் நன்றாகத் துடையுங்கள். விரலிடுக்கு, நக ஓரம் எங்கும் ஈரம் நிற்கக்கூடாது. பிறகு நக ஓரத்தில் கொஞ்சம் வாசலின் தடவி, புண் இருந்தால் சின்னக் கட்டு போடுங்கள். வலி தாங்க முடியாவிட்டால் பெரியவர்கள் பாராசிட்டமால் 500 மி.கி. மாத்திரை ஒன்று போட்டுக்கொள்ளலாம். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவே ஆறு மணி நேரமாவது போகட்டும். ஈரல் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் போட வேண்டாம். மற்ற வலி மாத்திரைகளை, வயிற்றுப்புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் தாங்களாக வாங்கிப் போடக்கூடாது.

இந்த நாட்களில் ஷூவை மூட்டைகட்டி வையுங்கள். விரல் திறந்திருக்கும் செருப்புதான். அலுவலகத்தில் ஷூ கட்டாயம் என்றால் ஒரு வாரத்துக்கு அனுமதி கேட்டு வாங்குங்கள். பாதி நாள் வெந்நீரில் வைத்துவிட்டு மீதி நாள் இறுக்கமான ஷூவுக்குள் திணித்தால் எதுவும் ஆறாது. பக்கத்து விரலில் மெட்டி போட்டிருந்தால், வீங்கிய இடத்தில் உரசாதபடி ஆறும்வரை கழற்றி வைப்பது நல்லது.

பஞ்சுத் திரி வைப்பது

இரண்டு மூன்று நாளில் வீக்கம் கொஞ்சம் வடிந்து நகத்தின் மூலை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தால் அடுத்த வேலைக்குப் போகலாம். நகத்துக்கும் சதைக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒன்றைச் செருகி, நகம் சதைக்கு மேலாக வளர்ந்து போக வழி செய்வதுதான் நோக்கம். சீழ் இருந்தால் இதைச் செய்ய வேண்டாம்.

1. கையை சோப்புப் போட்டுக் கழுவி, காலை வெந்நீரில் 15 நிமிடம் ஊறவைத்துத் துடையுங்கள்.

2. சுத்தமான பஞ்சில் ஒரு சின்னப் பிசிறு எடுத்து விரல்களுக்கிடையே உருட்டித் திரியாக்குங்கள். அகல் விளக்குத் திரியில் பாதித் தடிமன்கூட வேண்டாம். நீளம் அரை சென்டிமீட்டர் போதும். முதல் தடவை எல்லோரும் தடியாகத்தான் உருட்டுவார்கள், அது உள்ளே போகாது.

3. ஒரு கை விரலால் சதையைக் கீழ்ப்பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூலைக்கு முன்பக்கத்திலிருந்து திரியை நகத்தின் அடியில் நுழையுங்கள். மழுங்கிய முனையுள்ள ஏதாவது ஒன்றால் மெல்லத் தள்ளலாம். ஊசி, ஊக்கு, காம்பஸ் முனை எதுவும் பக்கத்தில் வரக்கூடாது.

4. லேசான அழுத்தம் தெரிந்தால் சரி. சுரீரென்றால் எடுத்துவிடுங்கள், நாளை பார்க்கலாம்.

5. திரியைத் தினமும் மாற்றுங்கள். குளித்தபின் ஈரப் பஞ்சு அங்கேயே கிடந்தால் நாற்றமெடுக்கும், கிருமி சேரும்.

பஞ்சுக்குப் பதிலாகப் பல்லிடுக்கு சுத்தம் செய்யும் மெழுகு பூசிய நூலில் ஒரு துண்டையும் வைக்கலாம். நூல் நுழைவது எளிது. சிலருக்கு இரண்டு வாரத்தில் பலன் தெரியும். நகம் மாதத்துக்கு 1.5 மில்லிமீட்டர்தான் நகரும் என்பதால் மூலை முழுக்கச் சதையைத் தாண்டி வர இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். வலி போனதுமே நிறுத்திவிடுவதால்தான் பலருக்குத் திரும்ப வருகிறது.

டேப் ஒட்டுவது

என்னைக் கேட்டால் முதலில் முயன்று பார்க்க வேண்டியது இதுதான். வலிக்காது, செலவும் அதிகமில்லை. மெடிக்கல் ஷாப்பில் துணியாலான, இழுத்தால் கொஞ்சம் நீளும் ஒட்டுப் பிளாஸ்டர் கேளுங்கள். காகிதம் போன்ற மெல்லிய டேப் இழுவை தாங்காமல் உரிந்துவிடும்.

ஒரு சென்டிமீட்டர் அகலத்தில், ஏழெட்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். விரல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். எண்ணெயோ வாசலினோ இருந்தால் ஒட்டாது, ஆக டேப் ஒட்டும் நேரத்தில் அந்தப் பக்கம் வாசலின் வேண்டாம். டேப்பின் ஒரு முனையை நகத்தை ஒட்டியிருக்கும் வீங்கிய சதையின் மேல் அழுத்தி ஒட்டுங்கள். நகத்தின் மேல் ஏறக்கூடாது. இப்போது டேப்பை நகத்திலிருந்து விலகும் திசையில், கீழ்நோக்கி இழுங்கள். சதை நகத்தை விட்டு விலகி, நடுவில் மயிரிழை இடைவெளி தெரிந்தால் இழுவை சரி. அந்த இழுவையை விடாமல் விரலின் அடிப்பக்கம் சாய்வாகக் கொண்டுபோய், மறுபக்கம் ஏற்றி, விரலின் அடிமூட்டுக்கு அருகில் மேலே முடியுங்கள். விரலைச் சுற்றி வளையம் மாதிரி இறுக்கக் கூடாது. ஒட்டியபின் சில நிமிடம் விரல் நுனியைக் கவனியுங்கள். நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ உடனே எடுத்துவிட்டுத் தளர்வாக ஒட்டுங்கள்.

தினமும் குளித்தபின் புது டேப். நீர் கசிகிற விரலில் இது நிற்காது. கசிவு நிற்கும்வரை வெந்நீர் மட்டும்.

மஞ்சள், எலுமிச்சை, மெடிக்கல் ஷாப்

மஞ்சளை அரைத்துப் பத்துப் போடாத வீடு கிடையாது. முழுத் தோலின்மேல் தடவினால் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை. புண் வாய் திறந்திருக்கும்போது அப்பாதீர்கள். அழுக்கு சேரும் என்பதோடு, மஞ்சள் நிறம் ஏறிய தோலில் சிவப்பு பரவுகிறதா என்று உங்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. விரலை எலுமிச்சம்பழத்துக்குள் செருகி வைப்பது கை விரல் நகச்சுற்றுக்குச் செய்வது. சதையில் ஏறிய நகத்தை அது வெளியே கொண்டுவராது. புண்ணில் எரிச்சல்தான் மிச்சம். சுண்ணாம்பு, பேட்டரித் தண்ணீர் எல்லாம் சதையைப் பொசுக்கும். கிருமிநாசினித் திரவத்தைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றுவதும் அதே கணக்கு.

மெடிக்கல் ஷாப்பில் "கால் விரலில் வலி" என்று மட்டும் சொன்னால் சில இடங்களில் கால் ஆணிக்கு ஒட்டும் கார்ன் கேப்பை எடுத்து நீட்டுவார்கள். அதில் இருக்கும் சாலிசிலிக் அமிலம் தோலைக் கரைப்பதற்கென்றே வைத்தது. வீங்கிய நக ஓரத்தில் அதை ஒட்டவே கூடாது.

ஐந்து நாள் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவது இன்னொரு பழக்கம். சீழும் வீக்கமும் அடங்கியதுபோல் தெரியும். குத்துகிற துணுக்கு உள்ளேயே இருக்கிறதே, மாத்திரை முடிந்ததும் மறுபடி ஆரம்பிக்கும். தொற்று பரவியிருக்கிறது என்று மருத்துவர் பார்த்து எழுதினால் சாப்பிடுங்கள், முழுக்கச் சாப்பிடுங்கள். நீங்களாக வாங்காதீர்கள்.

மருத்துவரிடம் எப்போது, அங்கே என்ன நடக்கும்

வெந்நீரும் டேப்பும் இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் வலி குறையவில்லை, சீழ் வடிகிறது, மிகைச்சதை முளைத்துவிட்டது, ஒரே ஓரத்தில் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் காலம் கடத்த வேண்டாம். நம் ஊரில் பொது அறுவைச் சிகிச்சை மருத்துவரோ தோல் மருத்துவரோ இதைப் பார்ப்பார்கள். அரசு மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைப் புறநோயாளிப் பிரிவுக்குப் போகலாம். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் போன்ற இடங்களில் இருப்பவர்களுக்குப் பொடியாட்ரிஸ்ட் என்று பாதத்துக்கென்றே படித்தவர்கள் உண்டு.

ஆரம்ப நிலை என்றால் கத்தியே படாமல் முடியலாம். குளுக்கோஸ் ஏற்றும் மெல்லிய குழாயில் ஒரு துண்டை நீளவாக்கில் கீறி, நகத்தின் ஓரத்தில் உறைபோல மாட்டிவிடுவார்கள். நகத்தின் கூர்மை சதையில் படாமல் போகும். வளைந்த நகத்தை மெல்ல நிமிர்த்த கம்பிப் பட்டை போடுபவர்களும் உண்டு.

முற்றியிருந்தால் நகத்தின் ஓரத்தை மட்டும் நீளவாக்கில் எடுப்பார்கள். இதற்கு மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைக்க மாட்டார்கள். விரலின் அடியில் இரு பக்கமும் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். உண்மையைச் சொன்னால் மொத்த சமாச்சாரத்தில் கடுமையாக வலிப்பது இந்த ஊசிதான்; மருந்து இறங்கும்போது எரியும், சில நொடிதான். ஐந்து பத்து நிமிடம் காத்திருந்து, கிள்ளிப் பார்த்து, மரத்திருக்கிறது என்று நீங்கள் சொன்ன பிறகே தொடங்குவார்கள். அழுத்தம் தெரியும், வலி தெரியாது. ரத்தம் வராமலிருக்க விரலடியில் ரப்பர் பட்டை கட்டி, குத்துகிற ஓரத்தில் சில மில்லிமீட்டர் அகலமுள்ள பட்டையை நுனியிலிருந்து வேர்வரை வெட்டி உருவிவிடுவார்கள். அந்தப் பட்டையின் அடியில் வெளியே தெரியாமல் இருந்த துணுக்கை மருத்துவர் எடுத்துக் காட்டினால் ஆச்சரியமாக இருக்கும்: இத்தனூண்டுதானா இவ்வளவு பாடு படுத்தியது!

அந்த ஓரத்து நகவேரில் பீனால் என்ற அமிலத்தைத் தொட்டு வைத்தால் அங்கே மட்டும் நகம் இனி முளைக்காது. நகம் கொஞ்சம் குறுகலாக இருக்கும், பார்ப்பவருக்குத் தெரியாது. பீனால் வைப்பீர்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நகத்தை மட்டும் எடுத்துவிட்டு வேரை விட்டால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2012-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும் பீனால் சேர்க்கும்போது மறுபடி வருவது குறைகிறது என்றே கண்டது. கர்ப்பிணி என்றால் கட்டாயம் சொல்லுங்கள், பீனால் தவிர்ப்பார்கள். இது தரை துடைக்கும் பினாயில் அல்ல. வீட்டில் யாரும் விளையாடிப் பார்க்க வேண்டாம்.

முழு நகத்தையும் பிடுங்கிவிடுவது சில இடங்களில் இன்னும் நடக்கிறது. வேறு காரணம் இல்லையென்றால் அதற்குச் சம்மதிக்குமுன் "ஓரத்தை மட்டும் எடுத்தால் போதாதா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். முழுதாகப் பிடுங்கினால் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்து, புது நகம் தடித்தோ கோணலாகவோ வந்து, பழைய இடத்திலேயே குத்துவதுண்டு. நகத்தின் மேல் தவறே இல்லை, சுற்றியிருக்கும் அதிகச் சதைதான் காரணம் என்று 1959-இல் வாண்டன்போஸ், போவர்ஸ் என்ற இரு மருத்துவர்கள் எழுதினார்கள். நகத்தைத் தொடாமல் பக்கத்துச் சதையைத் தாராளமாக வெட்டியெடுக்கும் முறை அவர்கள் பெயரில் நிற்கிறது. ஆற வாரக்கணக்கில் ஆகும், எல்லோருக்கும் தேவைப்படாது.

வீடு திரும்பிய பின்

போகும்போதே விரல் திறந்த, பெரிய செருப்பாகப் போட்டுப் போங்கள். கட்டுப் போட்ட விரல் வேறு எதற்குள்ளும் நுழையாது. இருசக்கர வாகனத்தைத் தானே ஓட்டி வருவதாக நினைக்க வேண்டாம். விரல் மரத்திருக்கும்போது கியரை எங்கே மிதிக்கிறோம் என்று தெரியாது. ஊசியின் வேலை சில மணி நேரத்தில் இறங்கும். அதற்கு முன்பே மருத்துவர் தந்த வலி மாத்திரையைப் போட்டுவிட்டு, காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துப் படுங்கள். முதல் இரவு காலைத் தொங்கப்போட்டால் தெறிக்கும்.

கட்டில் கொஞ்சம் ரத்தம் ஊறியிருப்பது சகஜம். சொட்டிக்கொண்டே இருந்தால் பஞ்சு வைத்து அழுத்தி, காலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் பேசுங்கள். முதல் கட்டைப் பிரிக்க வேண்டிய நாளை அவர்களே சொல்வார்கள். துணி ஒட்டியிருந்தால் பிய்த்து இழுக்காமல் வெதுவெதுப்பான நீரில் நனைத்து எடுங்கள். பீனால் வைத்த விரலில் இரண்டு முதல் நான்கு வாரம்வரை மஞ்சளான நீர் கசியும். சீழ் என்று பயந்து ஓட வேண்டாம். வலி குறைந்துகொண்டே வந்தால் ஆறுகிறது என்று அர்த்தம். குறைந்த வலி மறுபடி ஏறினாலோ சிவப்பு பரவினாலோதான் காட்ட வேண்டும். பந்தாட்டம், ஓட்டம், நீச்சல் எல்லாம் புண் காய்ந்த பிறகு.

கால் நகம் வெட்டும் முறை

ஞாயிற்றுக்கிழமை வந்தால் கை நகத்தோடு கால் நகத்தையும் சேர்த்து வெட்டுவது பல வீடுகளில் வழக்கம். கை நகத்தின் பாதி வேகத்தில்தான் கால் நகம் வளர்கிறது. ஆக வாரா வாரம் வெட்டினால் வெட்டுவதற்கு ஒன்றும் இருக்காது, ஒட்ட ஒட்ட நறுக்கி மூலைக்குள்தான் போவீர்கள். கால் நகத்துக்கு மாதம் ஒரு முறை தாராளம்.

நேர்கோட்டில் வெட்டுங்கள். நகத்தின் நுனி விரல் நுனியோடு சமமாக இருக்கட்டும், ஓரத்தில் ஒரு மெல்லிய வெள்ளை விளிம்பு தெரியட்டும். வெட்டிய பின் விரலால் தடவினால் இரண்டு மூலையும் சதைக்கு மேலே தட்டுப்பட வேண்டும். காலுறையில் சிக்குகிற மாதிரி கூராக இருந்தால் நக அரத்தால் இரண்டு தேய்ப்பு தேய்த்து மழுக்கிவிடுங்கள், அவ்வளவுதான். கை நகத்துக்கான வளைந்த வாயுள்ள சின்ன நகவெட்டி தானாகவே வட்டமாக வெட்டும். காலுக்கென்று நேர் வாயுள்ள பெரிய நகவெட்டி கிடைக்கிறது, ஒன்று வாங்கி வையுங்கள். கையால் பிய்ப்பது எல்லாவற்றையும்விட மோசம். பிய்த்த நகம் ஓரத்தில் சரிந்து ஆழமாகக் கிழியும்.

செவ்வாய், வெள்ளியில் நகம் வெட்டக்கூடாது என்பதில் எனக்குக் கருத்து இல்லை. விளக்கு வைத்தபின் வெட்டாதே என்பது மட்டும் கால் நகத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது. பகல் வெளிச்சத்தில், குளித்துவிட்டு வந்து நகம் இளகியிருக்கும்போது வெட்டுவதுதான் வசதி.

ஷூவும் காலுறையும்

மாலையில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்; ஷூ வாங்க அதுதான் நேரம். போட்டு எழுந்து நின்று பாருங்கள். நீளமான விரலுக்கும் ஷூவின் முனைக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். நீளம் மட்டும் போதாது, அகலமும் முக்கியம். வீட்டில் இருக்கும் ஷூவைச் சோதிக்க எளிய வழி: ஒரு செய்தித்தாளில் வெறும் காலை வைத்து நின்று பென்சிலால் சுற்றி வரையுங்கள். அதன்மேல் ஷூவை வையுங்கள். பென்சில் கோடு கட்டைவிரல் பக்கம் ஷூவுக்கு வெளியே தெரிந்தால் உங்கள் விரல் தினமும் எட்டு மணி நேரம் நசுங்கிக்கொண்டிருக்கிறது. இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் செய்து பாருங்கள். ஜூனில் வாங்கிய ஷூ ஜனவரியில் இறுக்கமாகிவிடும், பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள்.

வியர்க்கிற காலுக்குப் பருத்திக் காலுறையைத் தினமும் மாற்றுங்கள்; முடிந்தால் ஒரே ஷூவை அடுத்தடுத்த நாள் போடாமல் காயவிடுங்கள். கால்பந்து, கபடி ஆடுபவர்கள் ஆட்டம் முடிந்ததும் விரலை ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

கைக்குழந்தைகளுக்கு நக ஓரத்துச் சதை பருத்து, நகம் புதைந்தாற்போல் இருக்கும். பெரும்பாலும் வளர வளரத் தானே சரியாகும். குளிப்பாட்டியபின் தேங்காய் எண்ணெய் தொட்டு அந்தச் சதையை நகத்திலிருந்து விலக்கி மெல்ல நீவிவிடுங்கள், நோண்ட வேண்டாம். இறுகிய காலுறை, கால்வரை மூடிய இறுக்கமான உடை இரண்டும் தவிர்க்கலாம். வீட்டில் குனிந்து நகம் வெட்ட முடியாத பெரியவர்கள் இருந்தால் மாதம் ஒரு நாள் நீங்கள் வெட்டிவிடுங்கள். நகம் தடித்துக் கடினமாக இருந்தால் முதலில் 15 நிமிடம் வெந்நீரில் ஊறவைத்து, ஒரே வெட்டாக இல்லாமல் ஓரத்திலிருந்து சிறிது சிறிதாக எடுங்கள். அவர்களுக்குச் சர்க்கரை இருந்தால் வெந்நீரும் வேண்டாம், நகவெட்டியும் வேண்டாம். அடுத்த முறை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும்போது செருப்பைக் கழற்றிக் காலையும் காட்டச் சொல்லுங்கள். பார்லரில் பெடிக்யூர் செய்துகொள்பவர்கள் மூலையைத் தொட வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டு, நகவெட்டியைச் சொந்தமாக எடுத்துப் போவது உத்தமம்.